ஒரே மலையின் காபி

வாசுதேவநல்லூரில் காலையில் கடை வாசலில் நின்று, மேற்கே மலையைப் பார்த்தபடி காபி குடிக்கிறோம். அந்தக் காபிச் செடிக்குச் சொந்த ஊர் நம் மலை இல்லை; எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். ஏமன் வழியாகத்தான் கர்நாடகத்தின் பாபாபுடன்கிரிக்கு வந்தது என்பார்கள்.

எத்தியோப்பியாவில் கெடியோ என்று ஒரு மலைநாடு. பேர்பெற்ற யிர்காசெஃபே காபி விளைவது அங்கேதான். காட்டை மொட்டையடித்து அந்த மக்கள் தோட்டம் போடவில்லை. மேலே பெருமரங்கள், அவற்றின் நிழலில் வாழை மாதிரியே இருக்கும் என்செட், அதன் ஊடே காபி. என்செட்டில் பழம் தின்பதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டிப் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். காபி விலை விழுந்த வருஷமும் வீட்டில் அடுப்பு எரியும். உதிர்ந்த இலையே உரம். சரிவில் மண்ணும் அரிக்காது. 2023-ல் யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. விவசாயிக்குக் கிடைத்த மரியாதை அது, மனசு நிறைந்த செய்தி.

பழம் சிவந்த பிறகே கையால் பறிக்கிறார்கள். உயரமான பரண்களில் காயப்போட்டு, சொத்தையையும் உடைசலையும் பொறுக்கித் தள்ளுகிறார்கள். வேறு ஊர்க் கொட்டை கலக்காமல் விற்றால்தான் அந்தக் காபியின் பூ வாசமும், நம் புளியங்குடி எலுமிச்சையை நினைவூட்டும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும்.

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கிலும் பழங்குடி மக்கள் நிழல் மரங்களுக்கடியில் அரபிகா வளர்க்கிறார்கள். அந்தக் காபிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த முறை காபித்தூள் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது. கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.