கோயில் வாசலும் வீட்டு வாசலும்

மலாக்கா மாநிலத்துத் தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் வாழும் தமிழர்கள், பிச்சை கேட்பவர்களை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பது தர்மம். வீட்டுக் கேட்டில் வந்து நிற்பவருக்குக் கொடுப்பது, தொல்லையை விலைக்கு வாங்குவது. மாசிமகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிற குடும்பம், பணத்தை ஒரு வெள்ளி நோட்டுகளாக மாற்றி எடுத்துக்கொண்டு போகும். பிள்ளைகளின் கையால் போடச் சொல்லும். மறுநாள் அதே குடும்பத்தின் கேட்டில் ஒருவர் மணியடித்தால், திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு ஆள் இல்லாத வீடு போல அமைதியாகிவிடும். இரண்டு வாசலிலும் நின்றவர் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

இந்த வேறுபாட்டின் வேர் தோட்டத்து வாழ்க்கையில் இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதைத் தொடர்ந்து புக்கிட் அசஹான், செர்க்காம், கெமெண்டோர், தெபோங் என்று ரப்பர் பரவியது. லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தன. லயத்திலும் கை கால் விளங்காதவர், குடித்தே குடும்பத்தைத் தொலைத்தவர், பிள்ளைகள் கைவிட்ட கிழவி எல்லாரும் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் யாருடைய உறவு, எந்த வரிசையில் குடியிருந்தவர் என்பது தெரியும். காலையில் ஒரு வீட்டில் கஞ்சி, ராத்திரி இன்னொரு வீட்டில் சோறு. அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை.

அதற்காகத் தோட்டத்தைப் பொற்காலமாக்கிவிடவும் வேண்டாம். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில், உழைக்க முடியாமல் போனவர்களைக் குடியேற்ற நிதியின் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதற்காக 1907இல் முதலாளிகளிடம் வசூலித்துத் தொடங்கப்பட்ட நிதி அது. 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறி, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற முதியவர்களுக்கும் உதவும் பொறுப்பை ஏற்றது. 1999இல் அந்த நிதியே கலைக்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தபோது, வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் பட்டணத்துப் பக்கம் நகர்ந்தார்கள். பெரும்பாலோர் சமாளித்துக்கொண்டார்கள். சேமநிதிப் பணம் கரைந்து, பிள்ளைகளின் ஆதரவும் இல்லாமல் போனவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அப்படி வந்தவரைத் தாமானில் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத இடத்தில் சந்தேகம்தான் முதலில் எழுகிறது. ‘கொடுத்தா நாளைக்கும் வருவான்’, ‘தண்ணி போடத்தான் கேட்கிறான்’, ‘பின்னால சிண்டிகேட் இருக்கு’ என்ற மூன்று பேச்சும் எல்லாத் தாமானிலும் காதில் விழுபவை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இவற்றுக்கு அடியில் வெளியே அதிகம் சொல்லப்படாத நான்காவது காரணம் ஒன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் எதிர்வீட்டுச் சீனரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தமிழர் கை நீட்டி நிற்பது ‘நம்ம மானம் போற’ காரியமாகப் படுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, அடமானக் கடன் கட்டி, சொந்த வீட்டில் குடியேறியவருக்கு அந்த முகத்தில் பழைய லயம் தெரிகிறது. கோபத்தில் பாதி அதனால் வருவது.

வேடிக்கை என்னவென்றால், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் இவர்கள் சந்தேகப்படுவதில்லை. அநாதை இல்லத்துக்கு, கோயில் திருப்பணிக்கு என்று ரசீதுப் புத்தகத்தோடு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருபவருக்கு ஐந்து வெள்ளி எளிதில் கிடைத்துவிடுகிறது. வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை திரட்டுவதற்கு, 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பசிக்கிறது என்று வருபவரிடம் மட்டும் நூறு கேள்வி.

குடியிருப்பாளர் புகார் செய்தால், அடுத்த நடவடிக்கை 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி நடக்கும். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும்படி பிச்சை எடுப்பவரையும், பிழைக்க வழியோ தங்க இடமோ இல்லாமல் திரிபவரையும் சமூக நல இலாகா அதிகாரி பொறுப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரை இல்லத்தில் வைக்கலாம். பிறகு மூன்று ஆண்டு வரை அங்கே தங்கும்படி உத்தரவிடலாம். உழைக்கும் வயதினருக்கான இல்லங்கள் மெர்சிங்கிலும் ஜெராண்டுட்டிலும் உள்ளன. நாதியற்ற முதியவர்களுக்கான ரூமா ஸ்ரீ கெனாங்கான் மலாக்காவிலேயே, சன்னாசிமலை இருக்கும் அதே செங் வட்டாரத்தில் இருக்கிறது. இந்தச் சட்டம் பிச்சை எடுப்பதற்காகத் தண்டனை விதிப்பதில்லை. ஆனால் குற்றம் செய்யாதவர் மூன்று ஆண்டு ஒரு கட்டடத்துக்குள் இருக்க நேரலாம், தப்பிப் போனால் மூன்று மாதம் வரை சிறையும் வரலாம். தெரு சுத்தமானால் போதும் என்று புகார் கொடுப்பவர் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உதவித்தொகை இல்லாமலும் இல்லை. ஏழை முதியவர்களுக்கான மாதாந்திர உதவி 500 வெள்ளியாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதை 600 ஆக்கியது. ஆனால் அது குடியுரிமை உள்ளவருக்கு மட்டும். தோட்டத்திலேயே பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், வயதான பிறகும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. முஸ்லிம் ஏழைகளுக்கு ஜக்காத் என்ற ஏற்பாடு இருக்கிறது. அரசு உதவி கிடைக்காத இந்து ஏழைக்குக் கோயில் அன்னதானமும் அங்குமிங்கும் இயங்கும் சங்கங்களும்தான்.

பிள்ளைகளை வைத்துப் பிச்சை எடுப்பது வேறு கணக்கு. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் அது குற்றம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்பவருக்கு இரக்கப்பட்டுப் போடும் காசு, அந்தக் குழந்தையை மறுநாளும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்தும். அங்கே காசு கொடுப்பதைவிடத் தகவல் கொடுப்பதே சரி.

தகவல் சொல்லத் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. இடம், நேரம், ஏறக்குறைய வயது, பேசும் மொழி, கூடக் குழந்தை உண்டா என்பவற்றோடு, கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் அவர் பெயரையும் சொல்லுங்கள்.