கூடையின் பாரமும் இடுப்பு வட்டும்

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல வட்டுகள் இருப்பதால்தான் நாம் குனிந்து நிமிர்கிறோம். இடுப்பில் அடியிலுள்ள இரண்டு வட்டுகளே அதிகம் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் எலும்புகளை ஒட்டிவிட்டால் நோ குறையலாம். ஆனால் அந்த இடம் அசையாது, பக்கத்து வட்டுக்குப் பாரம் கூடும். அசைவைக் காக்கத்தான் 1984இல் கிழக்கு பெர்லினில் செயற்கை வட்டு வைத்தார்கள். இரண்டு உலோகத் தகடு, நடுவே பிளாஸ்டிக். அதை உருவாக்கியவர்களில் ஒருவர், 1972 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கரின் யான்ஸ்!

எலும்பு மெலிந்தவர்களுக்கு அது சரிவராது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அந்த மெலிவு அதிகம். வட்டு மாறினாலும் கூடையின் பாரம் மாறாது. ‘பாரம் தூக்க வேண்டாம்’ என்று டொக்டர் எழுதிய துண்டோடு வருபவருக்கு இலேசான வேலையும் முழுப் பேரும் கேட்போம். கிலோ குறைந்தது என்று அரைப் பேர் போட விடமாட்டோம்.