காட்சிக்கூடத்தில் நின்ற உமை



ஆங் மோ கியோவில் ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம். 2007இல் அங்கு 650,000 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கப்பெற்ற உமா பரமேசுவரி திருமேனியைப் பற்றியே இவ்வுரை.

11ஆம் நூற்றாண்டுச் சோழர் கலை. மெழுகில் வடித்து, மண் பூசி, உலோகம் வார்த்தபின் கருவை உடைத்துவிடுவர். ஆதலின் ஒரு கருவுக்கு ஒரு திருமேனியே. கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கும் இடையின் நெளிவை, தோளின் குழைவைக் காட்சிக்கூடம் முழுமையாகக் காட்டியது; அதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் உற்சவத் திருமேனி நிற்பதற்காக வார்க்கப்பெற்றதன்று, உலா வருவதற்காக வார்க்கப்பெற்றது. சிற்பி அவ்வழகை வடித்தது தோள்களில் அசைந்து வரும் நடைக்கு. அசையாத சிற்பமாக மட்டும் அதனை மதிப்பிடுவோர் பாதியையே காண்கின்றனர். எவ்வூர்த் தெருவில் அம்மை உலா வந்தாள் என்பது பக்தரின் வினா மட்டுமன்று. கலைத் திறனாய்வின் முதல் வினாவும் அதுவே. வாங்கும் காலத்தில் அவ்வினா போதிய அளவு எழவில்லை போலும்.

விடை, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில். அங்கிருந்து களவாடப்பெற்ற திருமேனியை விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். 2015இல் அரும்பொருளகம் அதனை இந்தியாவிடம் ஒப்படைக்க இசைந்தது. அதே கோயிலின் நடராசர் அதற்கு முந்தைய ஆண்டே கான்பெராவிலிருந்து தாயகம் திரும்பியிருந்தார்.