மாயக்காட்சியும் நகைச்சுவை மேடையும்

ஆர்.எஸ்.மனோகரின் 'இலங்கேஸ்வரன்' தந்திரக் காட்சிகளால் அவையை மலைக்க வைத்தது. கிரேசி மோகனோ கிண்டியில் இயந்திரவியல் பயின்றவர். ஆயினும் மேடையில் இயந்திரத்தை நாடாது சொல்லையே நம்பினார். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' என்னும் சாகசப் படத்தின் பெயரை எதிரொலிப்பது அவருடைய 'ஜுராசிக் பேபி'. தலைப்பிலேயே பூதவிலங்கு மழலையாகிவிடுகிறது!

பழைய கணினி விளையாட்டின் வீரன் வீழ்ந்தும் மீண்டெழுவது போல, மாது என்னும் பாத்திரம் நாடகந்தோறும் புதிய சிக்கலோடு பிறக்கிறது. நம் கூத்தின் கட்டியங்காரனும் அப்படியே: கதை மாறும், அவன் மாறான். மோகன் 2019-இல் மறைந்தார்.

தா.பழூர் மேடைக்கு டைனோசரை வரவழைக்கப் பொருள் ஏது? திரைக்குப் பின்னே ஓர் உறுமல், முன்னே ஒருவனின் நடுக்கம். கொள்ளிடக்கரை அவைக்கு அவ்விரண்டும் போதுமே.