நேர்ச்சையும் பிள்ளையின் வழியும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாயும் தகப்பனும் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் பேச்சாளர்கள் அல்ல. எங்களில் ஒருவர் மலையில் கொழுந்து எடுக்கிறவர், மற்றவர் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகளின் எதிர்காலத் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் விட்ட பிழையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோசனம் என்று நினைத்தோம். நாங்கள் வேதக்காரர். இங்கே இருக்கிற அநேகர் சைவர்கள். ஆனாலும் பிள்ளையைப் பற்றிய கவலை எல்லா லயத்துக்கும் ஒன்றுதானே!

எங்கள் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் வந்தது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு ஓடினோம். "பிள்ளை பிழைச்சா சாமியாராக்கி உமக்கே தருவோம்" என்று நேர்ந்துகொண்டோம். பிள்ளை பிழைத்தான். அன்றிலிருந்து லயத்தில் எல்லோருக்கும் அவன் 'சின்னச் சாமி'தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருடம், ஒரு இரவு அடுப்படியில் அவன் சொன்னான்: "அம்மா, எனக்குக் கரண்ட் வேலைதான் புடிச்சிருக்கு. குருமடத்துக்குப் போக மனசு இல்ல." அப்பா சத்தம் போட்டார். அம்மா அழுதார். சாமியை ஏமாற்றினால் கொடுத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. இரண்டு கிழமை வீட்டில் பேச்சில்லை. பிள்ளை பூசைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். பிறகு ஒருநாள், "என்னை எதுக்குப் பிழைக்க வச்சீங்கன்னு சாமிகிட்ட கேக்கணும் போல இருக்கு" என்றான். அந்த வார்த்தை எங்களைக் குத்திவிட்டது.

பங்குச் சுவாமியிடம் போனோம். அவர் கோபிக்கவில்லை. 1983ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபைச் சட்டத்தில் இருப்பதை விளக்கினார். நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும். அப்பா அம்மா நேர்ந்தது பிள்ளையின் கழுத்தில் விழாது. அதோடு, எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரைக் கட்டாயப்படுத்திக் குருவாக்கக் கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. எங்கள் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"அன்னா தன் மகன் சாமுவேலை நேர்ந்து கொடுத்தாளே சுவாமி?" என்று கேட்டோம். "முதலாம் சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசியுங்க" என்றார். வாசித்தோம். தாய் நேர்ந்திருந்தும், கடவுள் பிள்ளையைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளை மூன்று தடவை பெரியவர் ஏலியிடம் ஓடினான். ஏலி அவனுக்காகப் பதில் சொல்லவில்லை. திரும்பப் போய்ப் படுத்து, காது கொடுத்துக் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். பெற்றோரின் வேலையும் அதுதான்.

செபதேயுவின் மனைவி தன் பிள்ளைகள் இருவருக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்டதும் ஞாபகம் வந்தது. கேட்பது என்னவென்று தெரியாமல் கேட்கிறார்கள் என்பதே இயேசுவின் பதில். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். சாமியாருடைய அம்மா அப்பா என்று நாலு பேர் மதிப்பார்கள் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. இதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கரண்ட் வேலை தாழ்ந்ததா? இயேசுவே தச்சர். பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்தில், பெட்சலேல் என்பவரைக் கடவுள் தம் ஆவியால் நிரப்பியது பொன், வெள்ளி, மர வேலைக்காகத்தான். கைத்தொழிலும் அழைப்புத்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

ஆனால் ஜெபம் பண்ணிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் செய்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, பத்திரங்களைப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஞானஸ்நானச் சான்றிதழில் வேறொரு பேர்! இதை முன்கூட்டியே திருத்தாவிட்டால் அடையாள அட்டை, விண்ணப்பம் எல்லாவற்றிலும் சிக்கல்தான்.

இரண்டாவது, பயிற்சி நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டோம். எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள்? தங்குமிடம் உண்டா? தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழில் எத்தனையாம் மட்டம் கிடைக்கும்? இதில் ஏழு மட்டங்கள் உண்டு. நாலு வரை தொழிலுக்கான சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஆகவே கைத்தொழில் படித்தால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். சாதாரண தரத்தில் சறுக்கினாலும் கதவு மூடவில்லை. 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், தொழிற் பாடங்களைப் படிப்பதற்கு அந்தப் பெறுபேறு தடையில்லை.

மூன்றாவது, பெருநாளுக்கு முன் அட்வான்ஸ் காசோடு வந்த தரகரைத் திருப்பி அனுப்பினோம். கொழும்பில் கடை வேலை என்றார். எந்தக் கடை, என்ன விலாசம் என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. விலாசம் இல்லாத வேலைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள், பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும்.

இன்றைக்கு மகன் மூன்றாம் மட்டம் முடித்து, ஒரு பாஸிடம் வேலை பழகுகிறான். கையில் கிடைப்பது கொஞ்சம்தான். சில நாள், நாங்கள் செய்தது சரியா என்று மனசு ஆடவும் செய்கிறது. ஆனாலும் அவன் மறுபடி பூசைக்கு வருகிறான். நாங்கள் கூப்பிட்டு அல்ல, தானாகவே வருகிறான்.

எங்கள் நேர்ச்சையை, சுவாமியின் அனுமதியோடு மாற்றி, நாங்களே செலுத்துகிறோம். சனிக்கிழமை வேலை விட்டு வந்து கோவிலைக் கூட்டிக் கழுவுகிறோம். நேர்ந்தது நாங்கள், முழங்கால் நோவதும் எங்களுக்குத்தான்.

இன்று இரவு இஸ்தோப்பில் உட்கார்ந்து உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு என்ன புடிக்கும்?" பதில் வரும்வரை நடுவில் பேசாதீர்கள். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. கடவுள் நம் பிள்ளைகளைக் காப்பாராக.