பங்க்கில் நம்புகிறோம், கேட்டில்?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் சார் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். சம்ப் சுத்தம் செய்வதும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கையில் உள்ள தாளில் ஆறாவது தீர்மானத்தைப் பாருங்கள். "குற்ற வழக்கு உள்ள எவரையும் வளாகத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது." ஒரே வரிதான். படித்தவுடன் நியாயமாகத்தான் தெரிகிறது.

உங்களில் பலர் வேலூர்ப் பக்கம் போகும்போது சிறைத்துறையின் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடத்துகிறார்கள். புழலிலும் இருக்கிறது. 2023-ல் அங்கே பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கையும் திறந்தார்கள். "அளவு சரியா இருக்கும் சார்" என்று நமக்குள் சொல்லிக்கொண்டுதான் போகிறோம். பணத்தை அவர்கள் கையில்தான் கொடுக்கிறோம். தண்டனை அனுபவிக்கும்போது அவரை நம்புகிறோம். அதே ஆள் தண்டனையை முடித்துவிட்டு வந்து நம் கேட்டில் வாட்ச்மேன் வேலை கேட்டால், ஆறாவது தீர்மானம் குறுக்கே நிற்கும்.

வெளியே வந்த முதல் மாதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஐந்தாறு வருஷம் உள்ளே இருந்தவரின் பழைய போன் நம்பர் வேறு யாரிடமோ போயிருக்கும். ஆதாரில் இருப்பது அந்த நம்பர். ஓ.டி.பி. வராது. 2 வருஷம் வரவு செலவு இல்லாததால் பேங்க் கணக்கு முடங்கியிருக்கும். அதைத் திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். அண்ணன் தம்பி வீட்டு முகவரியைக் கொடுக்கலாம்தான், அவர்கள் சேர்த்துக்கொண்டால். வேலை கொடுப்பவர் சம்பளத்தைக் கணக்கில்தான் போடுவேன் என்பார். இந்தச் சுற்றில் மாட்டியவர் இரண்டு மாதம் பார்ப்பார். அதற்குள் பழைய கூட்டாளி ஒருவன் டீ வாங்கிக் கொடுத்து, "என்கூட வா" என்பான். என் சர்வீஸில் திரும்பவும் உள்ளே போனவர்களில் பலர் இந்த இரண்டு மாதத்துக்குள் வழுக்கியவர்கள்.

நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்தவர். குடித்துவிட்டு நடந்த ஒரு கைகலப்பில் எதிராளி இறந்துபோனார். தண்டனை முடிந்து வந்தபோது கைவேலை மறக்கவில்லை, ஆனால் பாவு கொடுக்க ஆள் இல்லை. பட்டும் ஜரிகையும் எத்தனை ஆயிரம் என்று உங்களுக்கே தெரியும். அதை ஒருவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது முழுக்க நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம். மூன்று முதலாளிகள் முடியாது என்றார்கள். நாலாவது ஆளிடம் நானே கூடப் போனேன். அவர் என்னிடம் சொன்னது: "எல்லாருக்கும் எடை போட்டுத்தான் கொடுக்கிறேன், எடை போட்டுத்தான் வாங்குறேன். இவருக்கும் அப்படியே. தனியா ஒரு தராசு வாங்க மாட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் பாவு கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது என் தப்பு. இங்கே வருவதற்கு முன் சென்னையில் நான் இருந்த அடுக்ககத்தில் ஒரு பம்ப் ஆபரேட்டர் இருந்தார். நாலு மாசம், ஒரு புகார் கிடையாது. ஒரு நாள் யாரோ வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய வழக்கைப் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது. மறுநாள் டூல்ஸ் பையை வாங்க வந்தவரை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஓய்வு பெற்றுவிட்டோமே, நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

தீர்மானத்தில் 'வழக்கு' என்று இருக்கிறது. வழக்கு வேறு, தண்டனை வேறு. 2022 முடிவில் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், நூற்றுக்கு 75-க்கும் மேல். குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் அவர்களைச் சொல்லவில்லை. நாளைக்கு விடுதலையாகி வந்தாலும் நம் தீர்மானப்படி அவர்களுக்கும் இங்கே வேலை கிடையாது.

சிங்கப்பூரில் 2004-ல் 'மஞ்சள் நாடா' என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். வெளியே வந்தவருக்கு இரண்டாவதாக ஒரு சிறை இருக்கிறது, அதன் சாவி குடும்பத்திடமும் அக்கம்பக்கத்தாரிடமும் வேலை கொடுப்பவரிடமும் இருக்கிறது என்பது அவர்கள் பேச்சு. அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பெருமாள் தாமோதரன். பிறந்தது சிறையில், வயிற்றில் கயிறு கட்டப்பட்டதால் வந்த பேர் அது! சரி, சிரித்தது போதும்.

பயம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. குழந்தைகளிடம் தப்பாக நடந்ததற்காகத் தண்டனை பெற்றவரை நம் விளையாட்டுத் திடல் பக்கம் வேலைக்கு வைக்க நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். காவல் துறையின் பணியாளர் சரிபார்ப்பும் வேண்டும். ஆனால் ஒருவருக்கு மட்டும் இல்லை, எல்லா வேலையாளுக்கும் செய்யுங்கள்.

என் திருத்தத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'வழக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தண்டனை' என்று போட வேண்டும். என்ன குற்றம், எத்தனை வருஷம் ஆயிற்று, இங்கே என்ன வேலை என்பதைத் தலைவரும் செயலாளரும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எல்லாரையும் போல அவருக்கும் மூன்று மாதம் தற்காலிக வேலை. தெரிந்த விவரம் அவர்கள் இருவரோடு நிற்க வேண்டும், குழுவுக்குப் போகக் கூடாது. ஆதாருக்கும் பேங்குக்கும் கூடப் போக ஆள் தேவைப்பட்டால் நான் போகிறேன். சட்ட உதவி வேண்டுமானால் காஞ்சிபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் போதும்.

வாக்கெடுப்புக்கு முன் செயலாளர் அதை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் லிஃப்ட் விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம்.