கரிசக்காட்டுப் பிள்ளைகளும் கல் பாடமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரிய பெரிய பதவியில் இருப்பவர்கள் பேசிய மேடையில் ஒரு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி வாத்தியாரையும் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். உலகப் பொருளாதாரம் எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த அனுபவம் கொஞ்சம் உண்டு. அதையே பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம்ம ஊர் வானம் பார்த்த பூமி. மேலே கரிசல், அதற்கடியில் சுக்கான், அதற்கும் கீழே பாறை. இங்கே பிறந்த பிள்ளைக்குக் கல் புதுசு இல்லை. கூழாங்கல், சரளை, சுக்கான்கல், வெங்கச்சங்கல், சுண்ணாம்புக்கல், கருங்கல், காக்காப்பொன் என்று ஏழெட்டுப் பெயர் பள்ளிக்கூடம் வருமுன்பே அதன் வாயில் இருக்கும். வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் உரசினால் வெளிச்சம் தெரியும் என்பது எந்தப் புத்தகத்தைப் படித்து வந்த அறிவு? ஆகவே, "பாறைகள் மூன்று வகைப்படும்" என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கினால், பிள்ளைக்குத் தெரிந்ததையெல்லாம் நாமே அழித்துவிட்டுத் தொடங்குகிறோம் என்று அர்த்தம்.

நான் தொடங்கிய விதம் இதுதான். ஆளுக்கு ஐந்து கல் கொண்டு வரணும். எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டு கூடவே வரணும். முட்டை அட்டைதான் எங்கள் அருங்காட்சியகம். பொடியாக இருப்பவற்றுக்குக் காலித் தீப்பெட்டி. நம்ம பக்கம் தீப்பெட்டிக்கா பஞ்சம்? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. அதன்பிறகு தரையில் வட்டமாக உட்கார்ந்து கல்லைப் பரப்புவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

முதல் நாள் ஒரே வேலை: "பிரிங்கடா." எப்படி என்று சொல்லமாட்டேன். முதலில் பெரிசு, சிறுசு என்று பிரிப்பார்கள். அப்புறம் நிறம். ஒரு மூணாப்புப் பிள்ளை, கையில் மாவு ஒட்டுகிற கல், ஒட்டாத கல் என்று பிரித்தது. எல்லாமே சரி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீ சொல்கிற விதியைக் கேட்டு அடுத்த வட்டத்துப் பிள்ளையும் அதே மாதிரி பிரிக்க முடியணும். "அழகான கல்" என்றால் ஆளுக்கொரு விதமாகப் பிரிப்பார்கள், "நகத்தால் கீறினால் கோடு விழும் கல்" என்றால் எல்லாரும் ஒரே மாதிரி பிரிப்பார்கள். வகைப்படுத்துதல் என்ற பெரிய சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்.

இரண்டாவது, "தெரியாது" என்று ஒரு தனிக்குழி முட்டை அட்டையில் இருந்தே தீரணும். செங்கல் துண்டு, உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி எல்லாம் அதில்தான் வந்து விழும். "இது கல்லா சார், மனுசன் செஞ்சதா சார்?" என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். நடக்கட்டும்.

அடுத்தது சோதனை. மூன்றே மூன்று. நனைத்துப் பார்ப்பது, கீறிப் பார்ப்பது, எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பது. நனைத்தால் தூசி போய் உள் நிறமும் மினுமினுப்பும் தெரியும். கீறுவதற்கு 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துப் படி கொண்ட ஒரு வரிசை வகுத்துக் கொடுத்தார். அந்தக் கணக்கில் நம் நகம் சுமார் இரண்டரை. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமம் 3. கண்ணாடி சுமார் ஐந்தரை. வெங்கச்சங்கல் 7. ஆகவே ஆணி சுண்ணாம்புக்கல்லைக் கீறும், வெங்கச்சங்கல்லைக் கீறாது. வெங்கச்சங்கல்லோ கண்ணாடியையே கீறும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கருங்கல்லில் ஆணியை இழுத்தாலும் கோடு தெரியும். "கீறிருச்சு சார்" என்று கத்துவார்கள். எச்சில் தொட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். கோடு போய்விட்டால் கல் கீறப்படவில்லை, ஆணிதான் தேய்ந்திருக்கிறது. கண்ணால் கண்டதையும் ஒருதரம் துடைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அன்றைக்குப் படித்துக்கொள்கிறது.

எலுமிச்சைச் சாறு சுக்கான்கல்லில் பட்டால் நுரைக்கும். முதலில் ஆணியால் சுரண்டிப் பொடியாக்கிவிட்டு விட்டால் நன்றாகத் தெரியும். ஆய்வுக்கூட அமிலம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். கல்லை உடைப்பது வாத்தியார் வேலை, அதையும் சாக்கில் சுற்றித்தான் உடைக்கணும், கண்ணில் சில் தெறிக்கும். குவாரிப் பள்ளத்துப் பக்கம் கல் பொறுக்கப் போகவே கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடணும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் மூன்று வகை. அதற்கும் ஊர் உதாரணமே போதும். பாகாய் இருந்து ஆறி இறுகிய கருப்பட்டி மாதிரி தீப்பாறை. கண்மாயில் வருசா வருசம் வண்டல் படிகிற மாதிரி படிவுப் பாறை. பச்சை மண் உருகி ஓடாமலே சூளையில் வெந்து வேறொன்றாக ஆகிற மாதிரி உருமாறிய பாறை. உவமைதான், ஆனாலும் பிள்ளைக்குப் பிடிபடும்.

இங்கேதான் ஒரு ஐந்தாம் வகுப்புப் பையன் என்னை மடக்கினான். பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் உங்களுக்குத் தெரியும், சிமெண்டு ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே, அதுதான். அவன் அக்காளுடைய புத்தகத்தில் சுண்ணாம்புக்கல் படிவுப் பாறை என்று போட்டிருக்கிறது. "அப்படின்னா நம்ம ஊருக் கல்லு மட்டும் ஏன் சார் சீனி மாதிரி மினுக்குது? அடுக்கையே காணோமே?" என்றான்.

அவன் பார்த்தது சரி. அது ஒரு காலத்தில் படிவாக இருந்த சுண்ணாம்புதான். பூமிக்கு வெகு ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, புதிதாய்ப் படிகம் கட்டி மேலே வந்திருக்கிறது. ஆக உருமாறிய பாறை, சலவைக்கல்லுக்குச் சொந்தக்காரன். எலுமிச்சைச் சாறு விட்டால் வண்டிப் பாதையில் கிடக்கிற சுக்கானும் நுரைக்கும், பந்தல்குடிக் கல்லும் நுரைக்கும். ஆனால் சுக்கான் கரிசலுக்குள் ஈரம் காய்ந்து காய்ந்து சுண்ணாம்பு திரண்டது, நேற்றைய பிள்ளை. பந்தல்குடிக் கல் வெந்ததோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். இது எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி, இதற்கு என்ன நேர்ந்தது என்பது வேறொரு கேள்வி. எலுமிச்சைச் சாறு முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் புத்தகத்தை மட்டும் படித்த பிள்ளைக்கு வராது. கல்லைக் கையில் வைத்திருந்த பையனுக்கு வந்தது.

நம்ம கருங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கடையில் எல்லாவற்றையும் கிரானைட் என்றே விற்கிறார்கள். புவியியலார் கேட்டால், இந்த வட்டாரத்துக் கருங்கல்லில் வரிவரியாய் இருப்பதை நைஸ் என்பார்கள். எண்ணெய் தடவினது போல் கருநீலமாய் மினுங்குவதைச் சார்னோக்கைட் என்பார்கள். கல்கத்தாவில் கும்பினி வியாபாரத்தை நிறுவிய ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலார் அதைப் பார்த்து ஆராய்ந்து, அந்த ஆள் பெயரையே கல்லுக்கு வைத்தார். "அம்மிக்கல்லுக்கு வெள்ளைக்காரன் பேரா!" என்று பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பிறகு அந்தப் பெயரை ஒருத்தரும் மறக்கவில்லை.

"கல்லுப் பொறுக்கவா வாத்தியாரய்யா பிள்ளைய அனுப்புறோம்?" என்று ஒரு பாட்டி கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். நான் கிணற்றைக் காட்டினேன். நம் பாறை பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைக்கிற பாறை இல்லை. மேலே உதிர்ந்துபோன பகுதியிலும், கீழே வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பில்லாத கருங்கல்லில் எத்தனை அடி இறக்கினாலும் வெறும் புழுதிதான் வரும். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டு, புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஊரில் போர் வண்டி வந்தபோது பிள்ளைகள் ஆழத்துக்கு ஒன்றாக அந்தப் பொடியைக் கேட்டு வாங்கித் தீப்பெட்டியில் போட்டு, அடி எண்ணை எழுதி வைத்தார்கள். கரிசல் எங்கே முடிந்தது, சுக்கான் எங்கே, பாறை எங்கே என்று பெட்டி வரிசையைப் பார்த்தே சொன்னார்கள். அதனால் தண்ணீர் வந்துவிடாது. ஆனால் நாளைக்குக் கடன் வாங்கப் போகிறவன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவனாக இருப்பான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வீட்டில் கிடந்த பழைய உரல் துண்டைப் பேரனிடம் கொடுத்தனுப்பியது.

நண்பர்களே, கடைசியாக ஒரு விண்ணப்பம். நீங்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். சேலத்தில் இருப்பவர் வெள்ளைக்கல்லான மாக்னசைட் ஒன்று அனுப்புங்கள். அது வெள்ளையாக இருந்தும் எலுமிச்சைச் சாற்றுக்கு அசையாது, பிள்ளைகள் திகைக்கட்டும். நெய்வேலியில் இருப்பவர் பழுப்பு நிலக்கரி ஒரு துண்டு. புனேயில் இருப்பவர் எரிமலைக் குழம்பு ஆறிய கல். உள்ளங்கை அளவு போதும். எடுக்கலாம் என்கிற இடத்தில் எடுங்கள், எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதுங்கள். ஊர் தெரியாத கல் முகவரி இல்லாத கடிதம் மாதிரி. உங்கள் சொந்தக் கிராமத்துத் தொடக்கப்பள்ளிக்கே அனுப்புங்கள். பல பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள், இருக்கிற பிள்ளைகளுக்காவது முட்டை அட்டை நிறையட்டும்.